எட்டு ஜிபிக்கு ஒரு மாதச் சம்பளம்

பெஞ்ச் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கை வேகமாகும், அவ்வளவுதான். ஸ்குரூடிரைவர் சுழலும் சத்தத்தை வைத்தே கடையில் இருப்பவர்கள் அன்றைய நிலவரத்தைத் தெரிந்துகொள்வார்கள். சத்தம் வேகமாகக் கேட்டால் பில் போடுகிறவர்கூட எழுந்து பின்பக்கம் போக யோசிப்பார்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடை அது. முன்னால் கண்ணாடிக் கவுன்டர், அதற்குப் பின்னால் கூரை வரைக்கும் பெட்டிகள் அடுக்கிய அலமாரிகள். அலமாரிகளைத் தாண்டினால் எட்டடி நீளத்துக்கு ஒரு பெஞ்ச், அதன்மேல் பச்சை ரப்பர் விரிப்பு, தலைக்கு நேரே ஒரு வெள்ளை விளக்கு. பழுதான கம்ப்யூட்டர்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். பதினெட்டு வருடமாக அவற்றைத் திறந்து பார்ப்பவள் இவள்தான். வயது நாற்பத்திரண்டு. அறுபது வயதுக்காரர்களுக்கும் அவள் அக்காதான்.

இந்தத் தொழிலுக்கு அவள் வந்ததே ஒரு கோபத்தில்தான். இருபத்து நான்கு வயதில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். நான்கு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, வேறொரு கடையில், கம்ப்யூட்டர் திரைக்குப் படம் வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினாள். புதுசு என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றாம் வாரம் திரை கோடுகோடாகி அணைந்துபோனது. கடைக்காரர் கார்டைக் கையில்கூட வாங்கவில்லை. நீங்கள் தப்பாக மாட்டியிருப்பீர்கள் என்றார். அவள் வீட்டுக்கு வந்து, பயந்துகொண்டே அதன் விசிறியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஸ்டிக்கருக்கு அடியில் இன்னொரு ஸ்டிக்கர். சிப்பின் மேல் சூடு தணிக்கத் தடவியிருந்த பசை சுண்ணாம்பாய்க் காய்ந்திருந்தது. யாரோ வருடக்கணக்கில் உழைத்துத் தேய்த்த கார்டைத் துடைத்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அதைக் கொண்டுபோய் அந்தக் கடையின் கவுன்டரில் பிரித்து வைத்தாள். நின்றிருந்த ஏழெட்டு வாடிக்கையாளர்களுக்கு, எது பழையது, எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்ற ஒருவர் அவள் பின்னாலேயே தெருவுக்கு வந்தார். தான் ஒரு கடை போடப்போவதாகவும், திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் தேடுவதாகவும் சொன்னார். அவர்தான் பிறகு முதலாளி ஆனார். அன்றைக்கு அவர் சொன்ன காரணம் அவளுக்கு இன்றுவரை மறக்கவில்லை. வேலை கற்றுக்கொடுத்துவிடலாம், இந்தக் கோபத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது என்றாராம்.

புதிதாக எந்தக் கார்டு வந்தாலும் ஒன்றைப் பிரித்து, பெஞ்சில் இருக்கும் கம்ப்யூட்டரில் மாட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். பிறகு ஒரே ஒரு தாளில், இது என்ன செய்யும், என்ன செய்யாது, யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம் என்று எழுதிக் கவுன்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவாள். அவள் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் அவள் சொல்லச் சொல்ல அவளுடைய தம்பி தட்டச்சு செய்து கொடுப்பான். அடியில் நீல மையில் 'பெ.அ.' என்று அவள் போடுவாள். ஊரில் அதற்கு 'அக்கா தாள்' என்று பெயர் விழுந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் கவுன்டருக்குப் போகும் முன்னால் சுவருக்குப் போவார்கள்.

தம்பி அவளைவிடப் பதினோரு வயது இளையவன். மூன்று இடத்தில் வேலை பார்த்து மூன்றிலும் நிலைக்காமல் இருந்தவனை, அவள்தான் முதலாளியிடம் சொல்லிக் கவுன்டரில் சேர்த்தாள். நாலு வருடமாயிற்று. வாய் சாமர்த்தியக்காரன். வேடிக்கை பார்க்க வந்தவனுக்கும் ஒரு மவுஸாவது கட்டி அனுப்பிவிடுவான்.

அந்த வருடம் நடுத்தர விலையில் புதுக் கார்டு ஒன்று வந்தது. பெட்டியின் பக்கவாட்டில், முந்தைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். விலை அவளுடைய ஒரு மாதச் சம்பளம். இதே வரிசையில் முந்தைய கார்டு அரை மாதச் சம்பளத்துக்குச் சற்று மேலே இருந்தது.

அவள் எட்டு நாள் ஓட்டிப் பார்த்தாள். இரண்டு மடங்கு என்பது எங்கே இருக்கிறது என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. விளையாட்டு ஓடும்போது கார்டு நொடிக்கு இத்தனை படம் என்று வரைந்து தள்ள வேண்டும். இந்தக் கார்டு உண்மையாக வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவில், இப்படி இருக்கலாம் என்று தானே ஊகித்து ஒரு படத்தைச் செருகியது. எண்ணிப் பார்த்தால் படம் இரட்டிப்புத்தான். ஆனால் பட்டனை அழுத்துகிற விரலுக்கு அந்தச் செருகல் படங்களால் ஒரு பயனும் இல்லை. அந்த வசதியை அணைத்துவிட்டு ஓட்டினாள். முந்தைய கார்டைவிட நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் வேகம் கூடியிருந்தது.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கார்டு படத்தை ஏற்றி வைத்துக்கொள்ளும் மெமரியைப் பார்த்தபோதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தைய கார்டில் பன்னிரண்டு ஜிபி இருந்தது. புதியதில் எட்டு. விலையை ஏற்றிவிட்டுப் பொருளைக் குறைத்திருக்கிறார்கள்.

கார்டுகளைச் சோதிக்க அவளிடம் ஒரு வீட்டின் முப்பரிமாணப் படம் இருந்தது. மூன்று மாடி, தோட்டம், மரங்கள், மாலை வெயில் எல்லாம் வைத்து வரைந்தது. கட்டடக்காரர்களுக்கு வீட்டுப் படம் வரைந்து கொடுக்கும் ஒரு பெண் அதைக் கொடுத்திருந்தாள். வருடக்கணக்கான வாடிக்கையாளர். உங்களுக்குச் சோதிக்க உதவும், எனக்கும் எந்தக் கார்டு வாங்கலாம் என்று தெரியும் என்று சொல்லித் தந்திருந்தாள். முந்தைய கார்டு அந்தப் படத்தை ஆறு நிமிடத்தில் முடித்தது. புதுக் கார்டு மரங்களை ஏற்றும்போதே, மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அவள் நான்கு முறை முயன்று பார்த்தாள். நான்கு முறையும் அதே மரத்தடியில் படுத்துக்கொண்டது.

தாளில் ஏழு வரி சொன்னாள். தம்பி தட்டச்சு செய்தான். கடைசி வரி: 'பழைய கார்டு கடைகளில் கிடைக்கிற காலம்வரை இதை வாங்க வேண்டாம், படம் வரைகிறவர்கள் எப்போதுமே வாங்க வேண்டாம்.'

முதலாளி அதை இரண்டு தரம் படித்தார். பிறகு அவளைப் பின்னால் சரக்கு வைக்கும் அறைக்கு அழைத்துப் போனார். சுவரோரம் அறுபது பெட்டிகள், எல்லாம் அதே கார்டு. விலை உயர்ந்த பெரிய கார்டில் பத்து வேண்டுமென்றால் இதில் அறுபது எடுத்தாக வேண்டும் என்று மொத்த விநியோகக்காரர்கள் நிபந்தனை போட்டிருந்தார்கள். பெரிய கார்டு இல்லாவிட்டால் அடுத்த தெருக் கடைக்குக் கூட்டம் போய்விடும். அவர் கத்தவில்லை, மிரட்டவில்லை. சோர்ந்துபோன முகத்தோடுதான் கேட்டார்.

"பொய் எழுதச் சொல்லல. ஒரு மாசம் ஒட்டாம மட்டும் இரு. எட்டுப் பேரு இந்தக் கடைய நம்பி இருக்காங்க. உன் தம்பியும் சேத்துதான்."

அவள் அந்தப் பெட்டிகளை ஒரு தரம் எண்ணினாள். கடைசியில் சரி என்றாள். தாளைப் பெஞ்ச் டிராயரில் வைத்து மூடினாள். சும்மா இருப்பது பொய் ஆகாது என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டாள். அடுத்த நாளே வெளியூர்க் கல்லூரி ஒன்றில் நூற்றிருபது கம்ப்யூட்டர் மாட்டும் வேலை வந்தது. மூன்று வாரம் அவள் கடைப் பக்கமே வரவில்லை.

திரும்பி வந்த அன்று காலை, பெஞ்சுக்கு முன்னால் ஸ்டூலில் வீட்டுப் படம் வரைகிற பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் தன் கம்ப்யூட்டரை, கைக்குழந்தையைப் பிடித்திருப்பதுபோல் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் சிவந்திருந்தது. அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள்.

"இது படத்த எடுக்க மாட்டேங்குதுக்கா. மெமரி பத்தலன்னு நின்னுடுது. நான் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன்."

அக்கா பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே அந்தப் புதுக் கார்டு பளபளவென்று இருந்தது. உன்னிடம் பன்னிரண்டு ஜிபி கார்டு இருந்ததே என்று கேட்டாள். அதைக் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிட்டு, மேலே பணம் போட்டு இதை வாங்கியதாக அந்தப் பெண் சொன்னாள். பதினெட்டு நாள் ஆகிறதாம். ஒரு கட்டடக்காரர் நாற்பது வீட்டுக்கான படங்களை அவளிடம் ஒப்படைத்திருந்தார். வேகமாக முடிக்கலாம் என்றுதான் மாற்றியிருக்கிறாள். முதல் வீடே வெளியே வரவில்லை. கொடுத்த தேதி தாண்டியதும் அவர் வேலையை வேறொருவருக்கு மாற்றிவிட்டார்.

அக்கா கொதித்துப்போய், இந்த வேலைக்கு இதை எந்த மடையன் சொன்னான் என்று கேட்டாள். 

"நீங்கதானேக்கா எழுதியிருந்தீங்க."

போனை எடுத்து ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். சுவர், தாள், ஏழு வரி. அதே எழுத்து, அதே இடைவெளி, அக்கா வழக்கமாகச் சொல்லும் அதே சொற்கள். 'முந்தைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகம். விளையாட்டுக்கும் சரி, வீட்டுப் படம் வரையும் வேலைக்கும் சரி, தாராளமாக வாங்கலாம்.' அடியில் நீல மையில் 'பெ.அ.'

அக்கா எழுந்து அலமாரிகளைச் சுற்றி முன்பக்கம் போனாள். தாள் இன்னும் சுவரில்தான் இருந்தது. நாலு மூலையிலும் நன்றாக ஒட்டியிருந்தார்கள். அவள் அதை உரித்தாள். சுவரின் பெயின்டும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அப்போது கவுன்டரில் தம்பி ஒருவருக்குக் கீபோர்டு காட்டிக்கொண்டிருந்தான். அக்கா கையில் தாளைப் பார்த்ததும் அவன் பேச்சு பாதியில் நின்றது. வாங்க வந்தவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று நழுவினார்.

"யாரு எழுதினது?"

அவன் முதலில் மழுப்பினான். எல்லோரும் கேட்டார்கள், சுவரில் ஒன்றும் இல்லையே என்று கேட்டார்கள், தாள் இல்லையென்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள், நீயும் ஊரில் இல்லை என்று சுற்றி வளைத்தான். அவள் அசையவில்லை. பிறகு அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"பொய் ஒண்ணும் எழுதல. பெட்டியில என்ன போட்டிருக்கோ அதத்தான் எழுதினேன்."

"பெட்டியில போட்டிருந்தா பெட்டிக்காரன் பேரப் போடு. என் பேர எதுக்குப் போட்ட?"

"உன் பேரு போட்டாத்தான் விக்குது."

 அவள் வாய் திறப்பதற்குள் அவன் மனசில் இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டான். சரக்கு நின்றுபோனால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பெஞ்ச் இல்லை, கவுன்டர்தான் என்றான். ஒரு பெட்டி விற்றால் தனக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது, அதில்தான் வீட்டு வாடகை போகிறது என்றான். எல்லோருக்கும் உன்னைப்போலக் கோபப்பட வசதி இல்லை என்றான். கடைசியாகச் சொன்னதுதான் அவளைச் சுட்டது. "நீ மட்டும் என்ன? உண்மை தெரிஞ்சும் டிராயர்ல பூட்டி வச்சிட்டுத்தானே போன?"

கல்லூரி வேலைக்குப் போகும்போது அவள் செய்ததைத்தான் அவன் சொன்னான். ஆனாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அடுத்தவள் இலையைச் சுட்டிக்காட்டுகிறானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்தப் பெண்ணின் வேலை போய்விட்டது, அவளிடம் போய்ச் சொல், பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள். அவன் போகவில்லை. கீபோர்டுகளைத் திரும்பப் பெட்டிகளில் வைக்க ஆரம்பித்தான்.

முதலாளி பதினோரு மணிக்கு வந்தார். அக்கா தாளை அவர் மேசையில் வைத்தாள். அவர் அதைப் படிக்கவில்லை. ஏற்கெனவே பார்த்தவருடைய முகம் அது.

"நான் எழுதச் சொல்லலம்மா."

"கழட்டச் சொன்னீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லை என்று தலையாட்டினார்.

இந்தக் கடை தொடங்கிய காலத்தில் அவர் என்ன சொல்லி அவளைக் கூட்டிவந்தார் என்பதை அவள் நினைவுபடுத்தவில்லை. அவருக்கே அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவளை நிமிர்ந்து பார்க்காமலே இருந்தார். அவள் கேட்டது ஒன்றுதான். பில் போடுகிறவரிடம் இருந்து, இந்தத் தாள் சுவரில் இருந்த நாட்களில் அந்தக் கார்டு வாங்கியவர்களின் போன் எண்கள் வேண்டும். ஒவ்வொருவரிடமும் தாள் தன்னுடையதல்ல என்று சொல்லப்போகிறேன், வேண்டாம் என்கிறவர்களிடம் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள். நான் மறுத்தால் என்ன செய்வாய் என்று அவர் கேட்டார்.

"மறுத்தீங்கன்னும் சேத்துச் சொல்லுவேன்."

முப்பத்தொரு எண்கள் இருந்தன. அன்று அவள் வேறு எந்த வேலையும் தொடவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, அலமாரிக்கு அந்தப் பக்கம் தம்பிக்குக் கேட்கும்படியே ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதல் ஆளிடம் பேசத் தொடங்கும்போது அவளுக்கு வார்த்தை தடுமாறியது. பத்தாவது ஆளுக்குள் சொல்லவேண்டியது நாலே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது: உங்களுக்குக் காட்டிய தாள் நான் எழுதியதல்ல. அந்தக் கார்டு இந்த விலைக்குத் தகாது. இரண்டு மடங்கு வேகம் என்பது உண்மையல்ல. வேண்டாமென்றால் கொண்டுவாருங்கள்.

நன்றி சொல்வார்கள் என்று அவள் நினைத்திருந்தால் அது தப்புக்கணக்கு. சிலர் சந்தேகப்பட்டார்கள், கார்டைத் திரும்ப வாங்கி வேறொருவருக்கு விலை கூட்டி விற்கும் தந்திரமா என்றார்கள். ஒரு பல் மருத்துவர் கோபமாக, முதலிலேயே உண்மைத் தாளை ஒட்டியிருக்கலாமே என்றார்.  ஆமாம், ஒட்டியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். வீடியோ வெட்டி ஒட்டும் தொழில் செய்கிற ஒருவர், தானும் மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டதாகச் சொல்லி, கேட்கக்கூடாத வார்த்தைகளில் திட்டினார். திட்டி முடிக்கும்வரை அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

எல்லாரையும்விட அவளைத் திணறடித்தவர் ஒரு பஸ் டிரைவர். ஓய்வுநேரத்தில் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவதற்காக வாங்கியவர். நாலு வாக்கியத்தையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஏம்மா, நான் பகல் பூரா நிஜ வண்டி ஓட்டுறேன். வீட்டுக்கு வந்தா பொய் வண்டி ஓட்டுறேன். அது வழுக்கிக்கிட்டுப் போகுது. நடுவுல செருகின படமா, வரைஞ்ச படமான்னு எனக்கு எதுக்கு?"

அவர் திரை எவ்வளவு பெரியது என்று கேட்டாள். சின்னதுதான். அப்படியானால் எட்டு ஜிபி அவருக்குப் போதும் என்பது உண்மைதான். ஆனால் பழைய கார்டும் இதே வேலையைச் செய்திருக்கும், விலையும் பாதிதான் ஆகியிருக்கும் என்றாள்.

"அத வாங்கறதுக்கு முன்னால சொன்னா அதுக்குப் பேரு உதவி. வாங்கின பின்னால சொன்னா அதுக்குப் பேரே வேற. நான் சந்தோஷமா இருந்தேன், இப்ப ஓட்டும்போதெல்லாம் உன் குரல்தான் கேக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயமும் சேர்ந்துதான் அவளை எரித்தது. ஒரு பொருள் ஒருவருக்குத் தகும், இன்னொருவருக்குத் தகாது. அதைப் பிரித்துச் சொல்லத்தானே அந்தத் தாளே இருந்தது. அதையல்லவா அழித்துவிட்டார்கள்.

முப்பத்தொரு பேரில் பதினான்கு பேர் கார்டைக் கொண்டுவந்தார்கள். முதலாளி உதட்டைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப வாங்கினார். விநியோகக்காரர்கள் ஒரு பெட்டியைக்கூடத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். டிராயரில் இருந்த உண்மைத் தாளை அவள் சுவரில், பெயின்ட் உரிந்த அதே இடத்தில் ஒட்டினாள். யாரும் தடுக்கவில்லை.

வீட்டுப் படம் வரைகிற பெண்ணின் பழைய கார்டை அதற்குள் யாரோ ஒரு வெளியூர்க்காரர் வாங்கிப் போயிருந்தார். அவர் திரும்பத் தர மாட்டேன் என்றார். அவர் மேலும் தப்பில்லை. ஊர்க் கடைகளில் அந்த நேரம் பன்னிரண்டு ஜிபி கார்டு இருப்பு இல்லை. அக்கா நாலு நாள் அலைந்து, மூடப்போகும் ஒரு அலுவலகத்தில் அதே பன்னிரண்டு ஜிபி கார்டு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அதைப் பிரித்து, துடைத்து, புதுப் பசை தடவி, ஒரு பகல் முழுக்க ஓட்டிப் பார்த்து, தானே எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு திரை, சுவரெங்கும் யாரோ குடியிருக்கப்போகும் வீடுகளின் படங்கள். கார்டை மாட்டி மூன்று மாடி வீட்டை ஓடவிட்டாள். ஆறு நிமிடத்தில் மரங்களும் வெயிலும் வந்து நின்றன. அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கார்டு வந்துடுச்சுக்கா. வேலை வரலயே."

அக்கா மன்னிப்புக் கேட்டாள். தாளைத் தம்பி எழுதியதற்காக இல்லை, தான் டிராயரில் வைத்ததற்காக. முழுக்கதையையும் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து கதவைத் திறந்து விட்டாள். திட்டவில்லை, அழவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கடைக்கு வரவில்லை. இரண்டு தரம் தெருவில் எதிரே வந்தபோதும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள்.

அக்காவின் கணவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்பவர். எதற்கும் பதறாத மனிதர். வீட்டில் பாத்திரங்கள் பட் பட்டென்று அடிபட்டு விழும் ஓசையை ஒரு மாதம் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துணி மடித்துக்கொண்டே கேட்டார், இன்னும் கோபம் போகவில்லையா என்று. அவள் இல்லை என்றாள். தம்பி மேலயா என்றார்.

"பாதி அவன் மேல. மீதி, தாள டிராயர்ல வச்சிட்டுப் போனாளே, அவ மேல."

 அவர் போர்வையின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இருவருமாக அதை மடித்து வைத்தார்கள்.

தம்பி அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. மொத்த விநியோகக்காரர்கள் தங்கள் அலுவலகத்திலேயே அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதத்தில் முப்பத்தொரு பெட்டி விற்ற ஆள் என்று அவனைப் பற்றிக் கேள்விப்பட்டார்களாம். திரும்பி வந்த பதினாலைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. சம்பளமும் அதிகம், வண்டியும் கொடுத்தார்கள். இந்தச் செய்தியைப் பில் போடுகிறவர் வந்து சொன்னபோது அக்கா ஒரு மின்விசிறியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திருகின் தலை வழுக்கித் தேய்ந்துபோகும்வரை சுழற்றிக்கொண்டே இருந்தாள்.

சரக்கறையில் கிடந்த பெட்டிகளின் விலையைக் கார்டு கம்பெனி ஏழு மாதம் கழித்துக் குறைத்தது. பழைய கார்டு சந்தையிலிருந்தே காணாமல் போயிருந்தது. அக்கா மறுபடி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாள். புதுத் தாளைத் தானே எழுதினாள், கோழி கிளறிய அதே கையெழுத்தில்: 'இந்த விலைக்கு, சின்னத் திரையில் விளையாடுகிறவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் வேண்டாம்.' அதைச் சிரமப்பட்டுப் படித்த ஒருவர், அப்போது மோசம் என்றீர்கள், இப்போது நல்லது என்கிறீர்களே என்று கேட்டார்.

"கார்டு மாறலங்க. விலைதான் மாறியிருக்கு."

மிச்சமிருந்த பெட்டிகள் மெதுவாக விற்றுத் தீர்ந்தன. முதலாளி அடுத்த முறை பெரிய கார்டுக்காக அறுபது எடுக்கவில்லை. அடுத்த தெருக் கடைக்குக் கொஞ்சம் கூட்டம் போகத்தான் செய்தது. அவளிடம் அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் இல்லாத ஒரு மரியாதையும் ஒரு விலகலும் இருவருக்கும் நடுவில் வந்துவிட்டன.

தம்பி ஒருநாள் மாலை அவள் வீட்டுக்கு வந்தான். புது வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றான். அவள் கணவர்தான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார். பாதி டீ குடித்ததும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, தப்புதான் அக்கா என்றான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லு. வீடு எங்கன்னு தெரியாட்டி நான் எழுதித் தரேன்."

அவள் உண்மையிலேயே ஒரு தாளை எடுத்து முகவரியை எழுதிக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, போகிறேன் என்றான். அந்த வாரம் அவன் போகவில்லை. அந்த மாதமும் போகவில்லை. ஒன்றரை வருடம் ஆகிறது. தம்பி மனைவி போன் செய்து, குடும்பத்துக்குள் எத்தனை நாளைக்கு இப்படி என்று அழுதாள். அவன் அந்த வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும், மறுநாளே நான் உன் வீட்டுக்கு வருகிறேன் என்று அக்கா சொன்னாள். இன்றுவரை அவன் போகவில்லை. இவளும் இன்றுவரை அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.